பாலாறு சேரும் கடலில் பலகை ஏறிய பிள்ளைகள்

கோவளத்து மீனவப் பிள்ளைகள் ஒரு சர்ஃப் கிளப்பாகக் கூடி, கடலோரக் கிராமம் ஒன்றின் தலையெழுத்தை மாற்றினார்கள். அந்தக் கதையில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் என்ன இருக்கிறது?

2021 நவம்பர். பொழுது விடியும் முன்பே ஆம்பூரில் ஒரே பேச்சு: “ஆத்துல தண்ணி வந்துடுச்சி!” பால் வாங்கப் போனவர், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டவர், ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த பெண்கள் என்று எல்லாரும் ஆற்றைப் பார்த்து நடந்தார்கள். நானும் போனேன். வருஷக்கணக்காக மணல் பள்ளமும் முள்செடியும் சாக்கடையுமாகக் கிடந்த பாலாறு, கரைக்குக் கரை செந்நிறமாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போகிறது என்றார்கள்.

அது கொண்டாட்டம் மட்டுமாக இருக்கவில்லை. நவம்பர் 19 விடிகாலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அடித்துப்போன கதையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், பிள்ளைகளைக் கரையிலிருந்து விரட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் கூட்டம் கலையவில்லை. அங்கே நின்ற பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் ஆற்றில் இவ்வளவு தண்ணீரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாடு விடும் விழாவுக்குத் திரள்வதைப் போல ஊர் திரண்டு நின்று, ஆறு ஓடுவதை வேடிக்கை பார்த்தது.

ஆறு ஓடுவது ஒரு ஊருக்கு வேடிக்கையாகப் போய்விட்டதே என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. அந்தத் தண்ணீர் போன வழியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் நடந்து, மிச்சம் 222 கிலோமீட்டரையும் நம் மண்ணில் கழிக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் மாமல்லபுரம். இன்னும் கொஞ்சம் போனால் கோவளம்.

உடைந்த பலகையில் தொடங்கியது

கோவளத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. ஆற்காடு நவாப் ஆட்சியில் துறைமுகமாக எழுந்த ஊர் அது. பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752-ல் ராபர்ட் கிளைவிடம் விழுந்தது. துறைமுகம் மறைந்தபின் மீனவர் குப்பமாக நின்றது.

அந்தக் குப்பத்துப் பிள்ளை மூர்த்தி மேகவன். படிப்பைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போனவர். சின்ன வயதில், கையில் கிடைத்த மரப்பலகையில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வருவதுதான் அவருக்கு விளையாட்டு. அதற்கு ‘சர்ஃபிங்’ என்று ஒரு பெயர் இருப்பதும், அதை உலகமே விளையாடுவதும் அப்போது தெரியாது. பின்னாளில் கோவளத்துக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் தன் போர்டைக் கொஞ்ச நேரம் கொடுத்தார். ஏறி நின்றவருக்கு அதற்குப் பிறகு இறங்க மனம் வரவில்லை.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்கப் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே பயம் என்று ஆனது. சோறு போட்ட கடலே ஆளை அடித்துப்போனபின், அதன் முகத்தைத் திரும்பப் பார்ப்பது சுலபமில்லை. அந்தப் பயத்துக்கு நடுவிலும் மூர்த்தி அலையில் நின்றுகொண்டிருந்தார். கரையிலிருந்து பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். இருக்கிற ஒன்றிரண்டு போர்டை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

அலைமேல் பித்துக்கொண்ட இரண்டு பேர் அவரோடு சேர்ந்தார்கள். ஒருவர் சென்னைத் தொழிலதிபர் அருண் வாசு. இன்னொருவர் சென்னையில் வேலை செய்துவந்த இஸ்ரேலிய ஒலிப்பதிவாளர் யோதம் ஆகம். 2012-ல் ‘கோவ்லாங் பாயிண்ட்’ என்ற சமூக சர்ஃப் பள்ளி முறையாகத் தொடங்கியது. குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இலவசம். வெளியூரிலிருந்து கற்க வருகிறவர்கள் கட்டும் பணத்தில் பள்ளி நடக்கும். கற்றுத்தருகிற சம்பளமும் குப்பத்து இளைஞர்களுக்கே.

மூர்த்தி வைத்த நிபந்தனைகளில்தான் இந்த கிளப்பின் உயிர் இருக்கிறது. குடிக்கக் கூடாது. புகைக்கக் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். மீறினால் போர்டு கிடையாது. கரையோரக் குப்பங்களில் குடி என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த நிபந்தனையின் எடை புரியும். அலையில் ஏற வேண்டும் என்ற ஆசை, வீட்டில் அம்மா பேசியும் வாத்தியார் பேசியும் நடக்காததை நடத்திக் காட்டியது.

2013-ல் கோவளம் கடற்கரையில் சர்ஃபிங்கும் இசையும் சேர்ந்த திருவிழா தொடங்கியது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்து அலையேறினார். குப்பத்தைத் திரும்பிப் பார்க்காமல் சாலையில் பறந்துபோன கார்கள் நின்றன. சேகர் பச்சை போன்ற கோவளத்துப் பிள்ளைகள், பலகைமேல் நின்று துடுப்புப் போடும் போட்டியில் தேசிய அளவில் வென்றார்கள். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தியைப் பற்றி 2019-ல் வந்த ஆவணப்படம், மீனவர் வீட்டுப் பெண்பிள்ளையும் பலகை ஏறலாம் என்பதை உலகத்துக்கே காட்டியது. 2021-ல் கோவளம் கடற்கரைக்குத் தூய்மைக்கான ‘நீலக்கொடி’ சான்று வந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. அதன் இறுதிச் சுற்றில் 12.60 புள்ளி எடுத்து வெண்கலம் வென்ற ரமேஷ் புதிஹால், அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். ஒரு குப்பம் மூட்டிய சூடு, மாமல்லபுரம் வரை 20 கிலோமீட்டர் கரை முழுக்கப் பரவியிருக்கிறது.

ஒருநாள் காலை அங்கே போனேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், போர்டின் மேல்பக்கம் முழுக்க மெழுகை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். கால் வழுக்காமல் பிடிப்பதற்காக. தேய்த்து முடித்து, போர்டின் வாலிலிருந்து வரும் கயிற்றின் பட்டையைத் தன் கணுக்காலில் சுற்றி ஒட்டினான். விழுந்தாலும் போர்டு கைவிட்டுப் போகாது. அலை எழும்புகிற நேரம் பார்த்து இரண்டு கையாலும் தண்ணீரை வாரி, அலை தூக்கியதும் உள்ளங்கைகளை விலாவோரம் ஊன்றி, ஒரே எம்பில் எழுந்து நின்றான். நின்றவனின் கண் காலைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தது. திரும்பி வந்தபோது என்னிடம் கேட்டான்: “எந்த ஊர்ண்ணா?”

“ஆம்பூர்.”

“அங்க கடல் இருக்குதா?”

“கடல் இல்ல தம்பி. ஆறு இருக்குது.”

சொல்லிவிட்டேன். ‘இருக்குது’ என்ற அந்தச் சொல், வழியெல்லாம் என்னோடு வந்தது.

தோல் வார் பூட்டிய இரண்டு பலகை

கோவளத்து சர்ஃப் கிளப்புக்கு அமெரிக்காவில் ஒரு மூத்த உறவு உண்டு. அங்கே கடலில்லாத ஊர்கள் ஏரியையும் ஆற்றையும் வைத்து இப்படிக் கூடியிருக்கின்றன. மோட்டார் படகு இழுக்க, காலில் பலகை கட்டித் தண்ணீர்மேல் சறுக்கும் ‘வாட்டர் ஸ்கீ’ விளையாட்டின் பிறப்பைப் படித்தபோது, தோல் ஊர்க்காரனான எனக்குச் சிலிர்த்தது.

1922 கோடைக்காலம். மினசோட்டா மாநிலத்து லேக் சிட்டியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன், பனியில் சறுக்குவதைப் போலத் தண்ணீரிலும் சறுக்க முடியும் என்று நம்பினான். பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், மூழ்கியது. பனிச்சறுக்குப் பலகையைக் கட்டினான், அதுவும் மூழ்கியது. கடைசியில் எட்டடி நீளத்தில் இரண்டு மரப்பலகை வாங்கி, நுனியை அம்மாவின் துணி வேகவைக்கும் அண்டாவில் வேகவைத்து மேல்நோக்கி வளைத்தான். கால் நிற்பதற்கு நடுவில் தோல் வார் வைத்து அடித்தான். பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையத்தைக் கொல்லரிடம் செய்து வாங்கினான். அண்ணன் படகு ஓட்ட, பல நாள் விழுந்து விழுந்து, ஜூலை 2 அன்று தண்ணீர்மேல் நின்றான்.

அண்டாத் தண்ணீர், மரப்பலகை, தோல் வார். இதில் ஆம்பூர் பஜாரில் கிடைக்காதது எதுவும் இல்லை. நனைந்த தோல் காயும்போது விறைக்கும், எண்ணெய் காட்டினால் இளகும் என்பதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பையன் கையில் வைத்திருந்த எல்லாம் நம்மிடமும் உண்டு. அவன் முன்னால் இருந்த தண்ணீர்தான் நம்மிடம் இல்லை.

அதற்குப் பிறகு சாமுவேல்சன் வருஷக்கணக்காக ஊர் ஊராகக் காட்சி நடத்தினான். பார்க்க வந்தவர்கள் கொடுத்த பணம் அவன் ஊர்த் துறைக்கே போனது. ஒருவன் தொடங்கியது பிறகு ஊர்களின் சொத்தாயிற்று. 1950-ல் விஸ்கான்சின் மாநிலத்து ரைன்லேண்டரில் ‘மின்-அக்வா பேட்ஸ்’ என்ற ஊர்க் குழு கிளம்பியது. ஜேன்ஸ்வில் ஊரில் 1961-ல் ‘ராக் அக்வா ஜேஸ்’ வந்தது. இவை தொழில்முறைக் கம்பெனிகள் கிடையாது. பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் சாயங்காலம் ஆற்றங்கரையில் சேர்கிறார்கள். படகு ஓட்டுவது, உடை தைப்பது, தின்பண்டம் விற்றுக் காசு சேர்ப்பது என்று வீட்டுக்கு வீடு ஆள் வருகிறது. ஊருக்குக் காட்சி இலவசம்.

அந்தக் காட்சிகளின் உச்சம் மனிதக் கோபுரம். பலம் உள்ளவர்கள் அடியில் நிற்க, அவர்கள் தோள்மேல் அடுத்த வரிசை ஏற, எடை குறைந்தவர்கள் உச்சிக்குப் போவார்கள். எல்லாம் படகு இழுத்த இழுப்பில், ஓடும் தண்ணீர்மேல். 2018 ஆகஸ்ட் 18 அன்று ராக் ஆற்றில் 80 பேர் ஒரே கோபுரமாக எழுந்து உலக சாதனை செய்தார்கள். அடியில் நிற்பவரின் முழங்கால் ஒரு நொடி தளர்ந்தால் 80 பேரும் தண்ணீரில். அந்தப் பொறுப்பைச் சுமக்கப் பழகிய ஊருக்கு மற்றப் பொறுப்புகளும் கைவரும்.

அதே மாநிலத்தில் டெல்டன் ஏரி இருக்கிறது. 1920-களில் ஓடையை மறித்துக் கட்டிய செயற்கை ஏரி. 1953 முதல் அங்கே டாமி பார்ட்லெட் என்பவரின் பெயரில் வாட்டர் ஸ்கீ காட்சி நடந்துவந்தது. 2008 ஜூன் 9 அன்று பெருமழையில் ஏரியின் கரை உடைந்தது. சில மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் விஸ்கான்சின் ஆற்றுக்குப் போய்விட்டது. கரையிலிருந்த வீடுகளும் சேர்ந்து போயின. காலையில் ஏரியாக இருந்தது, மாலையில் சேறு. படகு இழுக்கத் தண்ணீரே இல்லை. ஆனால் அந்த ஊர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பிழைப்பு முழுக்க ஏரியை நம்பி இருந்ததால் அரசும் மக்களும் சேர்ந்து கரையைக் கட்டி, அடுத்த வருஷமே தண்ணீரை நிரப்பினார்கள். காட்சி திரும்பவும் தொடங்கி, 2020-ல் பெருந்தொற்று வரும் வரை நடந்தது.

நாம் இழந்த விதம்

ஒரே நாளில் ஏரி போனால் ஊர் கூக்குரலிடும். நம் ஆறு அப்படிப் போகவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சமாகப் போனது. பாலாற்றில் கையால் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும் என்று என் பாட்டி சொல்வாள். ஊற்றுக்கால் வெட்டி, மேலே வறண்டு கிடக்கும் ஆற்றின் அடியிலிருந்தே வயலுக்கு நீர் கொண்டுபோன வட்டாரம் இது. மேற்பகுதியில் தண்ணீர் தடுக்கப்பட்டது. மணல் அள்ளப்பட்டது. மணல் போனால் ஆற்றின் மடியே போனதுபோல, நீரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. மிச்சம் இருந்ததில் தோல் பதனிடும் கழிவு கலந்தது.

நான் தோல் சம்பளத்தில் வளர்ந்தவன். அப்பா தோல் கம்பெனி வேலையிலிருந்து வரும்போது சட்டையில் இருந்த வாடைதான் எங்கள் வீட்டுச் சோறு. இன்றும் விடிகாலையில் ஷூ கம்பெனி வண்டி ஏறி, நாள் முழுக்க ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைத்து, இருட்டியபின் வீடு திரும்பும் ஆயிரமாயிரம் பெண்களால்தான் எங்கள் ஊர்க் குடும்பங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அந்தத் தொழிலைக் குற்றம் சாட்டுவது என் நோக்கம் இல்லை. ஆனால் கணக்கை மறைக்க முடியாது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்பதும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்தத் தீர்ப்பை வாங்கித் தந்ததும் ஒரு ஊர்ச் சங்கம்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடும் முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நாட்டின் சட்டமாக்கியது அந்தத் தீர்ப்பு. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் வேலூர் பெயரைச் சொல்லாமல் தேற முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஈட்டுத் தொகைக்கும் உந்துதலாக இருந்தது அதுதான். ஆனாலும் காயம் முழுதாக ஆறவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தரவும், ஆற்றை மீட்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

நாகநதியின் பெண்கள்

நீதிமன்றம் ஆணையிடலாம். மண்வெட்டி பிடிக்க ஊர்தான் வர வேண்டும். அப்படி வந்தவர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பாலாற்றுப் படுகையைச் சேர்ந்த நாகநதி, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பல வருஷம் வறண்டு கிடந்தது. 2014 வாக்கில் ‘வாழும் கலை’ அமைப்பின் முயற்சியில், நூறு நாள் வேலைத் திட்டத்தோடு இணைந்து, கிராமத்துப் பெண்கள் ஓடைகளில் இறங்கினார்கள். ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கக் கற்தடுப்பு அடுக்கினார்கள். மழைநீர் நேராக நிலத்தடிக்கு இறங்க உறைகிணறு தோண்டினார்கள். கரையில் மரம் நட்டார்கள். சுமார் 20,000 பெண்கள் இதில் கைகோத்தார்கள் என்கிறது அந்த அமைப்பு. வறண்ட கிணறுகளில் தண்ணீர் ஏறியது. நதியில் மறுபடி நீர் ஓடியது. 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் நாகநதிப் பெண்களைக் குறிப்பிட்டுப் பேசினார்.

கோவளத்துக் குப்பத்தையும் ஜேன்ஸ்வில் ஆற்றங்கரையையும் பார்த்த கண்ணுக்கு, இந்தப் பெண்கள் வேறாகத் தெரியவில்லை. கூடை கைமாறிக் கைமாறி மேலே ஏறும் அந்த வரிசையும் ஒரு மனிதக் கோபுரம்தான். ஒருத்தி நின்றால் மற்றவள் நிற்க வேண்டும்.

நமக்கு இப்போதே தேவைப்படும் ஒன்று இருக்கிறது. ஆறு வற்றிய ஊரில் வளரும் பிள்ளைக்கு நீச்சல் தெரிவதில்லை. மழை பெய்து ஏரியோ கல்குவாரிப் பள்ளமோ நிரம்பினால், அந்தப் பிள்ளைகள்தான் ஆசையில் இறங்கி உயிரை விடுகிறார்கள். அந்தத் துக்கம் வருஷாவருஷம் நம் தெருக்களில் எங்காவது ஒரு வீட்டு வாசலில் உட்கார்கிறது. ஏலகிரியில் புங்கனூர் ஏரி இருக்கிறது, படகு ஓடுகிறது. ஊருக்கு ஊர் ஏரி உண்டு. ஏரியைத் தூர்வாரவும், கரையைக் காக்கவும், நீர் நிற்கும் மாதங்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரவும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிளப் வேண்டும். மாடு விடும் விழாவுக்கு இரண்டே நாளில் தடுப்புக் கட்டி, ஆள் நிறுத்தி, கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கோவளத்து நிபந்தனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குடி கூடாது, புகை கூடாது, பள்ளிக்கூடம் போகாதவனுக்கு ஏரியில் இடம் இல்லை. கூடவே நம்முடையதாக ஒன்று: ஏரியில் கழிவு விடுகிறவர் யாராக இருந்தாலும், அவர் நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், எழுந்து கேட்க வேண்டும்.

கோவளத்துப் பையன் என்னை நம்பினான். ஆறு இருக்கிறது என்று சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, கணுக்காலில் பட்டையைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த அலைக்கு ஓடிவிட்டான். அவன் பலகையைத் தூக்கிய கடலில் பாலாறும் சேர்கிறது. என்றாவது ஒருநாள் அவன் ஆம்பூர் வந்து, “அந்த ஆறு எங்கண்ணா?” என்று கேட்டால், கூட்டிப்போய்க் காட்ட ஓர் ஆறு வேண்டும். வெள்ளம் வந்த அன்று கரையில் நின்ற அத்தனை பேரும் அன்றைக்கு என்னோடு வர வேண்டும்.